தம்பியின் குணத்தைத் தீர்மானிக்கப் பன்னிரண்டு படிகள்: காணிப்பாக்கம் வழியாக

வாழ்த்துகள். உங்கள் தம்பி எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதை அறிவியல் முறைப்படி நிரூபிப்பது ஒன்றுதான் பாக்கி. மனித ஆளுமையைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிய மனிதர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவும் உங்களுக்குப் பயன்படும். ஒன்றையும் முழுசாகப் படிக்க வேண்டாம்.

தேவையான பொருள்கள்: ஒரு தம்பி. (இல்லாதவர்கள் மச்சான், நாத்தனார், மருமகள் ஆகியோரில் கைக்கு அகப்படுபவரை வைத்துக்கொள்ளலாம்.) சித்தூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன, இன்னும் பாகம் பிரிக்காத மாந்தோப்பு ஒன்று. கூழ் ஃபேக்டரிக்குக் கிளிமூக்கு மாங்காய் போட்ட கணக்கில் இடிக்கும் நாற்பதாயிரம் ரூபாய். கணக்கு எழுதியது தம்பியாக இருப்பது அவசியம். கடைசியாக, குடும்பத்தோடு காணிப்பாக்கம் போய்வர ஒரு வேன்.

ஏன் காணிப்பாக்கம்? சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். பாகுதா நதிக்கரை. கிணற்றுக்குள் தானாகத் தோன்றிய வரசித்தி விநாயகர் அங்கே சத்தியத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று பொய்ச்சத்தியம் செய்தவனை அவர் சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை. ஆந்திர அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் "காணிப்பாக்கம் வா, பிரமாணம் பண்ணு" என்று சவாலுக்கு இழுப்பது அதனால்தான். குடியை விட்டேன் என்று சத்தியம் செய்ய வருகிறவர்களும் உண்டு. உங்கள் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

சரி, ஆரம்பிப்போம்.

படி 1: தீர்ப்பை முதலில் எழுதுங்கள்

விசாரித்துவிட்டுத் தீர்ப்புக்கு வருவது நேரம் பிடிக்கிற வேலை. நீங்கள் அப்படி நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளர் கைக்கு வரும் முன்பே "சம்பந்தி கொஞ்சம் அழுத்தமான ஆள்" என்று கண்டுபிடித்தவர் நீங்கள். அந்த வேகம்தான் வேண்டும். "என் தம்பி திருட்டுப்பயல்" என்று ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகிற கோட்பாடுகள் எல்லாம் அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவை.

படி 2: உடம்பிலிருந்து தொடங்குங்கள்

ஹிப்போக்ரட்டிஸ் வழிவந்த கிரேக்க மருத்துவர்கள் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடம்பில் நான்கு நீர்மங்களைச் சொன்னார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் அவற்றை மனிதரின் சுபாவத்தோடு முடிச்சுப் போட்டார். நம்மிடம் வாதம், பித்தம், கபம் உண்டு. "அவனுக்குப் பித்த உடம்பு, சின்ன வயசிலேயே அப்படித்தான்" என்று சொல்லி வையுங்கள். பித்தத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது கீதையின் பதினான்காம் அத்தியாயம். சத்துவம், ரஜஸ், தமஸ் என்று மூன்று குணங்கள். நீங்கள் தயிர்சாதம் சாப்பிடுகிறவர், சத்துவம். தம்பி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவரை தூங்குகிறார், தமஸ். மூன்றும் எல்லாரிடமும் உண்டு, ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு மாறி மாறி மேலே வரும் என்று அதே அத்தியாயம் சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். சத்துவமும் ஒரு கட்டுதான், அதையும் தாண்டவேண்டும் என்கிற பகுதி உங்களுக்கு நிச்சயமாகத் தேவையில்லை.

படி 3: ஃபிராய்டை வேனில் ஏற்றுங்கள்

வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்ட் 1923-இல் மனசை மூன்றாகப் பிரித்தார். 'வேண்டும், இப்போதே வேண்டும்' என்கிறது இட். 'கூடாது, வெட்கமாயில்லையா' என்கிறது சூப்பர் ஈகோ. நடுவில் மாட்டிக்கொண்டு சமாதானம் பேசுவது ஈகோ. மூன்றும் ஒரே தலைக்குள் இருப்பதாகத்தான் அவர் எழுதினார். நீங்கள் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுவிடுங்கள். இட் தம்பிக்கு. சூப்பர் ஈகோ உங்களுக்கு. நடுவில் மாட்டிக்கொள்கிற வேலை வழக்கம்போல அம்மாவுக்கு.

"அவனுக்கு அம்மா செல்லம் அதிகம்" என்பதை இந்தக் கட்டத்தில் சேர்க்கவும். இதைச் சொல்ல வியன்னா வரை போகவேண்டுமா என்று கேட்காதீர்கள். வியன்னா பெயரைச் சொன்னால்தான் அம்மா பதில் பேசமாட்டார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிராய்டோடு கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு இங்கிருந்து தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை போனது; ஃபிராய்ட் அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதே போஸ், தாய்-மகன் விவகாரம் இந்திய வீடுகளில் நீங்கள் எழுதியபடி நடப்பதில்லை என்று குருவிடமே மாறுபட்டார். சிலைக் கதையை மட்டும் சொல்லுங்கள். மாறுபட்டதை விட்டுவிடுங்கள்.

உள்ளூர்ச் சான்றும் ஒன்று இருக்கிறது. இதே பாகுதா நதிக்கரையில் சங்கன், லிகிதன் என்று அண்ணன் தம்பி இருவர் தவம் செய்தார்கள். அண்ணன் இல்லாத நேரத்தில் அவன் மரத்துப் பழத்தைத் தம்பி கேட்காமல் பறித்துத் தின்றுவிட்டான். இந்த ஊரில் அது மாம்பழம் என்கிறார்கள். "அரசனிடம் போய்த் தண்டனை வாங்கிக்கொள்" என்றான் அண்ணன். அரசன் கைகளை வெட்டினான். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தம்பியைப் பாருங்கள். லிகிதன் பாகுதாவில் முங்கியதும் கைகள் முளைத்தன என்பதும், அது அண்ணனின் தவ வலிமையால் என்பதும், தண்டிக்கிற அதிகாரம் எனக்கில்லை என்று அண்ணன் சொன்னதும் மகாபாரதத்தில் இருக்கிறது. அதற்குள் வேன் டோல்கேட்டைத் தாண்டியிருக்கும். பேச்சை மாற்றிவிடுங்கள்.

படி 4: பிறந்த வரிசையைக் காரணமாக்குங்கள்

ஆல்ஃபிரட் அட்லர் 1911-இல் ஃபிராய்டை விட்டுப் பிரிந்தவர். தாழ்வு மனப்பான்மை என்று நாம் தினம் சொல்கிறோமே, அது அவர் கொடுத்த சரக்கு. மூத்தவர் பொறுப்பு, நடுவிலவர் போட்டி, கடைக்குட்டி செல்லம் என்று பிறந்த வரிசையை வைத்தும் அவர் பேசினார். நீங்கள் மூத்தவர்; இதைவிட நல்ல செய்தி உண்டா? 2015-இல் அமெரிக்காவில் மூன்று லட்சத்து எழுபத்தேழாயிரம் பள்ளி மாணவர்களை வைத்துப் பார்த்ததில், பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் இருக்கிற தொடர்பு இல்லை என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குச் சின்னது என்று தெரிந்தது. அமெரிக்காவில் மாந்தோப்பு பாகம் பிரிப்பதில்லை என்று சொல்லி அதைத் தள்ளிவிடுங்கள்.

கோயில் தலவரலாற்றை மட்டும் வேனில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சகோதரர் கதைதான், மூன்று பேர். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குப் பேச்சு வராது, ஒருவருக்குக் காது கேட்காது. துண்டு நிலத்தில் சேர்ந்தே ஏற்றம் இறைத்தார்கள். கிணறு வற்றியது. தூர் எடுக்க இறங்கியபோது கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் பீறிட்டது. அது பட்டதும் மூவருக்கும் குறை தீர்ந்தது. உறுப்புக் குறையும் அதை ஈடுகட்டும் முயற்சியும்தான் மனிதனைச் செய்கிறது என்று அட்லர் 1907-இல் ஒரு நூலே எழுதினார். இந்த மூன்று பேரையும் அவருக்குக் காட்டியிருக்கலாம். ஆனால் இவர்களிடம் ஒரு பெரிய கோளாறு. கண் தெரியாதவர் என்ன குணம், காது கேட்காதவர் என்ன குணம் என்று ஆராயாமல் மூவரும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் இப்படிப்பட்ட உதாரணம் நல்லதல்ல.

படி 5: பெட்டிக்குள் போட்டு மூடுங்கள்

கார்ல் யுங் 1921-இல் அகமுகர், புறமுகர் என்று இரண்டு வகை சொன்னார். கலப்பில்லாத அகமுகரோ புறமுகரோ எங்கும் கிடையாது என்பதையும் அவரே சொன்னார். அந்தப் பின்குறிப்பு அமெரிக்கா போய்ச் சேர்வதற்குள் தொலைந்துவிட்டது. அங்கே கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும், இசபெல் மையர்ஸ் என்ற மகளும் யுங்கைப் படித்துவிட்டுப் பதினாறு பெட்டிகள் செய்தார்கள். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். பொருத்தம்தான், உங்களுக்கும் தேவை ஒரு குற்றவாளிதானே.

இன்று பெங்களூர் கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நான்கெழுத்தில் தங்கள் குணத்தைச் சொல்கிறார்கள். சில வாரம் கழித்து அதே கேள்விகளுக்குப் பதில் எழுதினால் பலருக்கு வேறு நான்கெழுத்து வருகிறது. தம்பிக்குப் பரீட்சை ஒரே தடவைதான் வைக்கவேண்டும். அதையும் அவருக்காக நீங்களே எழுதிவிடுவது உத்தமம்.

படி 6: எல்லாருக்கும் பொருந்துவதைச் சொல்லிவிட்டு, "எப்படிச் சொன்னேன் பார்" என்று கேளுங்கள்

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணச்சித்திரம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். பெட்டிக்கடை ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள்.

நீங்கள் இதைப் படிக்காமலே செய்துவருகிறீர்கள். "வெளியிலே சிரிப்பான், உள்ளே ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டிருப்பான்." "பழகினால் உயிரைக் கொடுப்பான், பகைத்தால் முகத்திலேயே விழிக்கமாட்டான்." வேனில் இருக்கிற பதினாறு பேருக்கும், டிரைவருக்கும்கூட இது பொருந்தும். தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னால் தம்பிக்கு மட்டும் பொருந்தும்.

படி 7: பதினெட்டாயிரத்தை ஒன்றாகச் சுருக்குங்கள்

1936-இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஒரு பெரிய ஆங்கில அகராதியை வரி வரியாக அலசி, மனிதரின் இயல்பைக் குறிக்கும் 17,953 சொற்களைப் பொறுக்கினார்கள். அவற்றில் சுமார் 4,500 மட்டுமே நிலையான குணங்கள் என்று கழித்தார்கள். ரேமண்ட் கேட்டல் அதைப் பதினாறாக்கினார். ஹான்ஸ் ஐசங்க் மூன்று போதும் என்றார். பின்னால் வந்தவர்கள் ஐந்தில் நின்றார்கள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப் பதற்றம். இன்று உலகெங்கும் உளவியல்காரர்கள் அதிகம் நம்பி வேலை செய்வது இந்த ஐந்தோடுதான். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கப் போகிற பிள்ளையும் இந்த ஐந்தைப் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது.

அந்த ஐந்தும்கூட உண்டா இல்லையா என்பதல்ல, எவ்வளவு என்பதுதான் கேள்வி. எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பார்கள், பெரும்பாலோர் நடுவிலே. இப்படிப் பேசினால் மாந்தோப்பு பிரிந்தமாதிரிதான். நீங்கள் இன்னும் நாலு படி கீழே இறங்கி ஒரே சொல்லில் நில்லுங்கள். "அமுக்கினி" நல்ல சொல். "ஊமைக்கோட்டான்" இன்னும் வசதி, எதிர்த்துப் பேசினால் "பார்த்தியா, பேச்சு வந்துடுச்சு" என்று சொல்லலாம். எதுவும் தோன்றாவிட்டால் "திமிர்". தமிழ்நாட்டில் இதுவரை இந்தச் சொல் பொருந்தாத ஆள் பிறக்கவில்லை.

படி 8: இரண்டு பேரேடு வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. தம்பி செய்தால் குணம். நீங்கள் செய்தால் சூழ்நிலை.

தம்பி கணக்கில் நாற்பதாயிரம் குறைந்தால் புத்தி அப்படி. போன வருஷம் பூச்சிமருந்துச் செலவில் நீங்கள் எட்டாயிரம் கூட்டி எழுதினீர்களே, அது பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய வாரம். தம்பி போனை எடுக்காவிட்டால் ஒளிகிறான். நீங்கள் எடுக்காவிட்டால் சார்ஜ் இல்லை. இதில் பயிற்சி தேவையில்லை, உங்களுக்குத் தானாகவே வருகிறது.

உங்களுக்கு மட்டுமல்ல. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் மாணவர்களிடம் கியூபாவின் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவரை அப்படி எழுதச் சொன்னார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் காஸ்ட்ரோவைப் புகழ்ந்து எழுதியவர் மனசுக்குள்ளும் காஸ்ட்ரோ ஆள்தான் என்றே படித்தவர்கள் நினைத்தார்கள்.

எச்சரிக்கை: 1928-இல் வந்த ஹார்ட்ஷோர்ன், மே இருவரின் ஆய்வு வேனுக்குள் நுழையக்கூடாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பரீட்சையில், விளையாட்டில், காசு விஷயத்தில் திருட்டுத்தனம் செய்ய வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். பரீட்சையில் காப்பியடித்த பையன் காசைத் தொடவில்லை. காசை எடுத்தவன் விளையாட்டில் நேர்மையாக இருந்தான். யோக்கியன், அயோக்கியன் என்று இரண்டு கூட்டமாகப் பிள்ளைகள் பிரிய மறுத்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1968-இல், வால்டர் மிஷல் இன்னும் பல ஆய்வுகளை அலசிவிட்டு, ஒருவர் ஓர் இடத்தில் நடப்பதற்கும் இன்னோர் இடத்தில் நடப்பதற்கும் உள்ள ஒட்டுறவு 0.30 அளவைத் தாண்டுவதே அரிது என்று எழுதினார். இதைப் படித்தால் 'தம்பி இங்கே ஏன் இப்படிச் செய்தான்' என்று யோசிக்கத் தோன்றும். அப்படித் தோன்றினால் ஜன்னலைத் திறந்து வெளிக்காற்று வாங்குங்கள். தோப்பைப் பாருங்கள். சரியாகிவிடும்.

படி 9: குளத்தில் இறக்குங்கள்

வந்துவிட்டோம். தம்பியைப் படித்துறைக்குக் கூட்டிப்போங்கள். மனைவி, மக்கள், சித்தப்பா வீட்டார் எல்லாரும் மேல்படியில் நிற்கட்டும். "முங்கி எழுந்து வா, சாமி முன்னாடி சொல்லு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்.

இங்கே பலபேர் குளத்தோடு சரி. சந்நிதிவரை போகும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவதாகப் பேச்சு. உளவியல்காரர்களும் இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். 1971-இல் அதே எட்வர்ட் ஜோன்ஸ், ஹெரால்ட் சிகாலோடு சேர்ந்து, ஆட்களின் கையில் மின்கம்பிகளைக் கட்டி, "இந்த மெஷின் உங்கள் மனசைப் படித்துவிடும்" என்று நம்பவைத்தார். மெஷின் ஒன்றையும் படிக்கவில்லை. ஆனால் ஆட்கள் சாதாரணக் கேள்வித்தாளில் மறைத்ததையெல்லாம் சொன்னார்கள். நம்பிக்கை இருக்கிற இடத்தில் வாய் திறக்கிறது. சத்தியம் முதலில் வாங்கிக்கொண்டால் மனிதர் ஒழுங்காகக் கணக்குச் சொல்வார் என்று 2012-இல் ஒரு கட்டுரையும் புகழ்பெற்றது. 2021-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அதிலிருந்த தரவு புனையப்பட்டதாம். நேர்மையைப் பற்றிய கட்டுரை. யாராவது அவர்களை ஒருமுறை இந்தக் குளத்தில் முக்கியிருக்கலாம்.

இப்போது முடிவைப் படிக்கும் முறை:

தம்பி படித்துறையிலேயே "ஆமாண்ணே, எடுத்தேன்" என்றால்: திருடன். தாளை வெளியே எடுங்கள்.

முங்கி எழுந்து, சந்நிதியில் நின்று "எடுக்கலை" என்று சத்தியம் செய்தால்: சாமிக்கே பயப்படாதவன். தாளை வெளியே எடுங்கள்.

"அண்ணன் என்னை நம்பலைன்னா நான் ஏன் சத்தியம் பண்ணணும்" என்றால்: மடியில் கனம். தாளை வெளியே எடுங்கள்.

அழுதால்: நடிப்பு.

இது விஞ்ஞானமா என்று கார்ல் பாப்பர் என்ற தத்துவக்காரர் சந்தேகப்பட்டிருக்கிறார். குழந்தையை மூழ்கடிக்கத் தண்ணீரில் தள்ளுகிறவனுக்கும், அதே குழந்தையைக் காப்பாற்ற உயிரை விடுகிறவனுக்கும் அட்லரிடம் விளக்கம் உண்டு, ஃபிராய்டிடமும் உண்டு. எது நடந்தாலும் பொருந்துகிற கோட்பாடு எதையும் சொல்லவில்லை என்றார். அவருக்குத் தம்பி கிடையாது என்று நினைத்துக்கொண்டு மேலே போங்கள்.

படி 10: இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

உங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பழைய சட்டத்தைச் சொல்லி ஆசை காட்டுவார். 1873-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் 8 முதல் 11 வரையான பிரிவுகளில் இதற்கு இடம் இருந்தது; 1969-இல் புதுச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவுகள் போய்விட்டன. "எதிராளி இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்று வழக்காடுகிறவர் நீதிமன்றத்தில் அப்போது சொல்ல முடிந்தது. எதிராளி ஒப்புக்கொண்டு அப்படியே சத்தியம் செய்தால், கட்டுப்படுகிறேன் என்று சொன்னவருக்கு எதிராக அதுதான் முடிந்த சாட்சியமாக இருந்தது.

கவனித்தீர்களா? சத்தியம் செய்வது அவர். கட்டுப்படுவது நீங்கள். தம்பி ஈரவேட்டியோடு "எடுக்கலை" என்று சொல்லிவிட்டால் அந்தச் சட்டப்படி கதை அங்கேயே முடிந்துபோகும். கதை முடிவதற்கா இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்தோம்? ஆகவே சத்தியத்தைச் சட்டப்படி வாங்காதீர்கள், சொந்தக்காரர்கள் முன்னால் வாங்குங்கள். அங்கேதான் மேல்முறையீட்டுக்கு வரம்பு கிடையாது.

படி 11: பழைய கவசத்தையே மாட்டுங்கள்

இந்த விநாயகர் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்பது காணிப்பாக்கத்து நம்பிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் அளவெடுத்துச் செய்த வெள்ளிக்கவசம் இப்போது அவருக்குப் பொருந்துவதில்லை என்பதை அதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டு நம்புங்கள். கல் வளரும்.

தம்பி வளரமாட்டார். அவருக்கு நீங்கள் கவசம் செய்தது அவருடைய ஒன்பதாவது வயதில், உண்டியலில் இரண்டு ரூபாய் எடுத்த அன்று. இன்று அவருக்கு ஐம்பத்திரண்டு. அதே அளவு. இடித்துப் பிடித்து மாட்டுங்கள். வலித்தால் கத்துவார், "கோபக்காரன்" என்று பேரேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு வில்லியம் ஜேம்ஸ் இருக்கிறார். முப்பது வயதுக்குமேல் பெரும்பாலோரின் குணம் இறுகிவிடும் என்று அவர் 1890-இல் எழுதினார். அதற்குப்பின் ஒரே ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த 92 கூட்டங்களின் தகவலை 2006-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வயதாக வயதாகப் பொறுப்பு கூடுகிறது, பதற்றம் குறைகிறது, முப்பதுக்குப் பிறகும் மாற்றம் நிற்பதில்லை என்று வந்தது. உங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். நீங்கள் எவ்வளவோ பக்குவப்பட்டுவிட்டீர்கள்.

படி 12: உங்கள் முறை வரும்போது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நடக்கும். தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே, "அண்ணே, பூச்சிமருந்துக் கணக்குக்கு நீயும் ஒரு முங்கு போட்டுட்டு வந்துடேன்" என்பார். மேல்படியில் பேச்சு நின்றுவிடும். உங்கள் மனைவி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "ஏங்க, வந்ததுதான் வந்தோம், அந்தக் குடி விஷயத்தையும் சேர்த்து சொல்லிட்டு வந்துடுங்க" என்று துண்டை நீட்டுவார்.

பதறாதீர்கள். முதலில் சளி பிடித்திருப்பதாகச் சொல்லிப்பாருங்கள். (கபம். படி 2.) எடுபடவில்லையென்றால் குடிக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, அதைத் தவணையாகச் செய்யுங்கள். "பிரம்மோற்சவம் முடியட்டும், விடறேன்" என்பது நல்ல தவணை. விநாயக சதுர்த்தியில் தொடங்கி இருபத்தொரு நாள் நடக்கிறது. பலன் கிடைக்கிற பழக்கம் நிலைக்கும் என்பார் பி.எஃப். ஸ்கின்னர். சத்தியம் செய்த கணமே வீட்டில் எல்லாரும் உங்களைப் பாராட்டிவிடுவார்கள். பலன் கைக்கு வந்துவிட்டது, அதற்குமேல் குடியை வேறு ஏன் விடவேண்டும்? அதனால்தான் சத்தியம் செய்வது பழக்கமாகிவிடுகிறது, விடுவது பழக்கமாவதில்லை.

பூச்சிமருந்துக்கு இந்த வழியெல்லாம் செல்லாது. எட்டாயிரத்தைப் பற்றி அந்தச் சந்நிதியில் வாயைத் திறக்கவே திறக்காதீர்கள். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் ஏதாவது ஒரு சத்தியம் செய்தாகவேண்டும். ஆகவே முங்குங்கள். எழுங்கள். ஈரவேட்டியோடு நேராகப் போய் நின்று, வலதுகையை உயர்த்தி, பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி இப்படிச் சொல்லுங்கள்:

"என் குணம் என்னன்னு எனக்குத் தெரியும்."

துணிந்து சொல்லலாம். இந்தச் சத்தியத்துக்காக இதுவரை யாரையும் பிள்ளையார் தண்டித்ததாகத் தெரியவில்லை. அறிந்து சொன்னால்தானே பொய்?